போக ஒரு மணி, வர மூன்று மணி

பிப்ரவரி 24, ஞாயிறு

ஞாயிறு சாயந்திரம் ஏழு மணி என்றால் சவெத்தாவின் போன். பதினொரு வருடமாக இத்தாலியில், பொலோன்யாவில், எத்தோரே என்ற கிழவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் படுக்கவைக்கிற வேலை அவளுக்கு. இத்தனை வருடத்தில் ஏழு மணி ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. இருபத்தாறு வருடம் ரயில்வே கேட்டை நிமிடம் பிசகாமல் மூடித் திறந்தவனுடைய பெண்டாட்டி வேறு எப்படி இருப்பாள்? என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எஞ்சின் டிரைவர்களே தங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள். மந்திரி ஒருவர்கூட ஒரு தடவை ரயிலை நிறுத்தி மணி கேட்டிருக்கிறார்.

இன்று அவள் சொன்னது: இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டதாம். மார்ச் 14, வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன்.

பிறகு சொன்னாள்: "நீ வா. என்னை உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி வந்து பக்கத்துல உக்காரு. அது போதும். உடம்பு தேறினதும் உன்கூட ஊருக்கே வந்துடறேன். மறுபடி இங்க வர மாட்டேன்."

'வா' என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள். 'வந்துடறேன்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"வரேன்," என்றேன். "நான் என்னிக்கு லேட்டா வந்திருக்கேன்?"

"நீ என்னிக்கு வந்திருக்க?" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அழுகையோ பயமோ ஏதாவது வரும் என்று பக்கத்திலேயே நின்றேன். ஆடு குடித்து முடித்தது. வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

தங்கை மகள் இலிங்கா வந்து போனிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். எங்கள் பக்கத்து நகரம் பகாவிலிருந்து பொலோன்யா. ஆயிரத்து இருநூற்று முப்பது கிலோமீட்டர் என்று அவள் போன் சொல்கிறது. அது கோடு போட்டு அளந்தது. காற்று, வளைவு, நெளிவு எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரத்துக்குக் குறையாது என்றேன்.

அவள் காட்டிய நேரம்: காலை 10.50-க்குக் கிளம்பி 11.50-க்கு இறங்குகிறது. திரும்பி வருகிற விமானம் மதியம் 12.30-க்குக் கிளம்பி 3.30-க்கு இங்கே வருகிறது. அதாவது போக ஒரு மணி, வர மூன்று மணி. பார்த்த உடனே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியிருக்காவிட்டால் இந்நேரம் நான்தான் இதையெல்லாம் டிசைன் பண்ணிக்கொண்டிருப்பேன்.

இலிங்கா, "மாமா, அது அப்படி இல்ல. அங்க மணி வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கே சொல்லித் தரியா? ரெண்டு தடவை பறந்தவன்கிட்ட?"

தோளைக் குலுக்கிவிட்டுப் போனைத் தட்ட ஆரம்பித்தாள்.

இரண்டு தடவை என்பது உண்மை. சவெத்தா வந்து திரும்பிப் போனபோதெல்லாம் வழியனுப்பப் போனேன். இரண்டு தடவை அவள் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். முதல் தடவை கூரை ஒழுகுகிறது என்று திரும்பினேன், இரண்டாம் தடவை திராட்சைக் கொடி வெட்ட வேண்டும் என்று. மீதி தூரத்தை மனதிலேயே பறந்து முடித்துவிட்டேன். அந்த மேகங்கள் இன்னும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. போகாதவனுக்கு அப்படி நிற்குமா?

திரும்புவதற்கு இரண்டு சீட். அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

பிப்ரவரி 27

பெத்ராகேயின் சாராயக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அது எப்படி மாமா?" என்றான் பெத்ராகே. "போறதும் அதே வழி, வர்றதும் அதே வழி."

"சைக்கிள் ஓட்டியிருக்கியா நீ? ஏத்தம் இறக்கம்னு கேள்விப்பட்டிருக்கியா? வர்றப்ப கார்ப்பாத்திய மலை மேல ஏறி வரணும்ல."

"போறப்பவும் அதே மலைதானே?"

"போறப்ப மலை முதல்லயே வந்துடுது. புதுப் பெட்ரோல், ஒரே தாவு. வர்றப்ப கடைசில வருது. எஞ்சின் களைச்சுப் போயிருக்கும்."

பெத்ராகே இன்னொரு கிளாஸ் ஊற்றினான். "ரெண்டு தடவை போனவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். சவெத்தா அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"எந்திரிச்சு ஓடிடுவா. அங்க பெரிய டாக்டரே என்கிட்ட போன்ல பேசினாரு. ஒரு மணி நேரம்."

பேசவில்லை. யாரும் என்னிடம் பேசவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

ஏழு மணி.

"டிக்கெட் எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு."

"கதவு வரைக்குமா, உள்ளயும் சேர்த்தா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 9

பை கட்டியாகிவிட்டது. ஊசியிலை மரப்பட்டையில் அடைத்த பாலாடைக்கட்டி ஒன்று, பிளம் சாராயம் ஒரு பாட்டில், நல்ல சட்டை இரண்டு, தொப்பி. இந்த நோட்டு. சவெத்தாவின் தோழி அக்லாயா எந்த பஸ், எந்த நிறுத்தம், எந்தக் கட்டிடம், மூன்றாவது மாடி என்று எல்லாவற்றையும் சொல்ல, இலிங்கா பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். அக்லாயாவுக்கு இரண்டு மணி வரை வேலையாம். அதுவரை சவெத்தா தனியாக இருப்பாள்.

11.50-க்கு இறங்கினால் ஒரு மணிக்கு அங்கே. ஒரு மணி நேரம் அவளோடு உட்காரலாம். என்ன பேசுவது? நேரில் என்றால் ஒரு மணி நேரம் நீளமானது.

மார்ச் 12

நாளை மறுநாள். ஒன்றும் தோன்றவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து மரத்துப்போன கால் இருக்கிறதே, கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுவது மாதிரி, அப்படி இருக்கிறது. ஆட்டைப் பெத்ராகேயிடம் விட்டேன்.

மார்ச் 14, வியாழன்

இதை ஆகாயத்தில் எழுதுகிறேன்.

சாராயத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாங்கிய அதிகாரி மோந்து பார்த்துவிட்டு, 'ஐயா, இதை எடுத்துக்கொள்ள எனக்கே மனசு வரவில்லை' என்று கண் கலங்கினார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. பின்னால் வந்த ஆள் பையால் முதுகில் இடித்தான், அப்படித்தான் உள்ளே போனேன். கிளம்பும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள், "ஐயா, அது என் கை," என்றாள்.

மேகம் நான் சொல்லிவந்த மாதிரியே இருக்கிறது. கொஞ்சம் அழுக்கு.

மணி 12.05. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் இறக்கவில்லை. யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

மணி 12.50. தரை தட்டியது. முழுசாக ஒரு மணி தாமதம்! நான் கேட்டை ஒரு மணி தாமதமாகத் திறந்திருந்தால் என்னைத் தூக்கில் போட்டிருப்பார்கள். இங்கே கை தட்டுகிறார்கள்.

அதே நாள், மதியம் 2.10. ஆஸ்பத்திரி முற்றம், பெஞ்சு

ஐந்து நிமிடம். வெறும் ஐந்து நிமிடம் பிந்திவிட்டேன். பஸ் வந்து நின்றபோது மணி இரண்டு ஐந்து. விமான நிலையத்துக் கடிகாரத்தை நம்பியிருந்தால் இன்னும் மோசம். அது ஒரு மணி நேரம் பிந்தி ஓடுகிறது. இவ்வளவு பெரிய ஊரில் சாவி கொடுக்க ஓர் ஆள் இல்லை.

இரண்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டு போயிருப்பார்கள். இனி மூன்றாவது மாடிக்கு ஏறி என்ன பிரயோஜனம். காலிக் கட்டிலைப் பார்க்கவா? நர்ஸ் இத்தாலிய மொழியில் ஏதாவது கேட்டால் என்ன சொல்வேன்?

எதிரே மஞ்சள் கட்டிடம். நிறைய ஜன்னல்கள். முற்றத்தில் சின்னச் சின்னக் கல் பாவியிருக்கிறார்கள். இந்தப் பெஞ்சிலிருந்து வாசல் வரை ஒரு வரிசையில் நாற்பத்தொன்று.

உள்ளதை எழுதுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி மணி பார்த்தபோது உடம்பு கொஞ்சம் லேசானது. அப்பாடா, இனி மேலே ஏற வேண்டியதில்லை. பதினொரு வருடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போது சொல்ல வேண்டியதில்லை. மயக்கம் தெளிந்து எழுந்திருக்கும்போது பக்கத்தில் நிற்பேன், அது போதும்.

வெயில் நன்றாக இருக்கிறது. தொப்பியைக் கழற்றவில்லை.

அதே நாள், சாயந்திரம்

அக்லாயா வந்தாள். வேலையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் இருந்தவள், தொப்பியை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அண்ணே! இங்கயா உக்காந்திருக்கீங்க? மேல அவளப் பாத்தீங்களா?"

"எங்க பாக்கறது? பிளேன் லேட்டு. நான் வர்றதுக்குள்ள கொண்டு போயிட்டாங்களே."

"இப்பத்தான் கொண்டு போறாங்க! இப்ப, இந்த நிமிஷம்! ரெண்டு அடிச்சுப் பத்து நிமிஷம் ஆகுது."

"மூணு பத்து," என்று கையை நீட்டினேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"அண்ணே, அது நம்ம ஊர் மணி. இங்க ஒரு மணி கம்மி. எப்ப வந்தீங்க நீங்க?"

ஓடினோம். அவள் ஓடினாள், நானும் பின்னால் போனேன். மூன்றாவது மாடியில் கட்டில் காலி. ஜன்னல் பக்கமாக ஒரு நாற்காலி திரும்பிக் கிடந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே முற்றம், பெஞ்சு.

நான் வந்தபோது மணி ஒன்று ஐந்து. ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது.

மார்ச் 15

ஆபரேஷன் நன்றாக நடந்ததாம். கண் திறக்கவில்லை. கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். குழாய்கள் ஏழு.

மார்ச் 17, ஞாயிறு

கிழவர் எத்தோரேயின் வீட்டில் சவெத்தாவின் அறையில் தங்கியிருக்கிறேன். கிழவரின் மகள் ஒர்நெல்லா நல்ல மாதிரி. கையைக் காலை ஆட்டிப் பேசுகிறாள், எனக்கு எல்லாம் புரிகிறது என்று தலையாட்டுகிறேன்.

ஒரு கட்டில், ஒரு அலமாரி. அடுப்புகூட இல்லை. சுவரில் சின்னக் கடிகாரம். அது என் கடிகாரத்தோடு நிமிடம் தவறாமல் ஒத்துப்போகிறது. வீட்டின் மற்றக் கடிகாரமெல்லாம் ஒரு மணி பின்னால்.

'காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கறேன்', 'மத்தியானம் ஒண்ணுக்குச் சாப்பிடறேன்' என்று சொல்வாளே, எல்லாம் நம் மணிதான். கூட்டிக் கழிக்கிற வேலையையெல்லாம் அவளே செய்துகொண்டு, எனக்குச் சரியாக ஏழு மணியைக் கொடுத்திருக்கிறாள்.

இரண்டு மணி என்று ஆபரேஷனுக்கு மட்டும் இங்கத்து மணியைச் சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்னதை அப்படியே. பயத்தில் ஒரு மணி கூட்ட மறந்திருப்பாள்.

கிழவர் என்னைப் பார்த்து "சவெத்தா?" என்றார். நான் அவருக்கு சூப் ஊட்டினேன். சட்டையெல்லாம் கொட்டிவிட்டது.

மார்ச் 19

இன்று பேசினாள். குரல் காகிதம் மாதிரி.

பிளேன், காற்று, அதிகாரியின் கண்ணீர், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு:

"உன்னைப் பாத்தேன்."

"எங்க?"

"ஜன்னல்லருந்து. ஒன்னேகாலுக்கு எந்திரிச்சு உக்காந்தேன். பெஞ்சுல இருந்த. தொப்பி."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நர்ஸை அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாமே," என்றேன்.

"கூப்பிட்டிருக்கலாம். பதினோரு வருஷமா கூப்பிட்டேன்ல. அன்னிக்கு ஒரு நாள் கூப்பிடாம பாப்போம்னு இருந்தேன்." தண்ணீர் கேட்டாள். குடித்தாள். "நீ என்னமோ எழுதிட்டே இருந்த. நிமிரவே இல்ல."

கடிகாரக் கதையைச் சொன்னேன். ஒரு மணி வித்தியாசம், விமான நிலையத்துக் கடிகாரம், ஐந்து நிமிடம், எல்லாம். வாழ்நாளில் இவ்வளவு ஒட்டுப்போடாமல் நான் எதையும் சொன்னதில்லை.

சவெத்தா சிரித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், தையல் இழுக்கிறது. "போதும்யா. நீ சொன்னதுலயே இதுதான் நல்ல கதை."

மார்ச் 20

எப்படி நம்பவைப்பது? — நோட்டு இருக்கிறதே! பெஞ்சில் உட்கார்ந்து மேலேயே மணி போட்டுத்தானே எழுதினேன். 2.10 என்று. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். மெதுவாக. என் கையெழுத்து ரயில் ஓடும்போது எழுதியது மாதிரி இருக்கும், அவளுக்கு மட்டும்தான் படிக்க வரும்.

"சரி," என்றாள். "மணியத் தப்பாத்தான் பாத்திருக்க. நம்பறேன்."

எனக்கு உயிர் வந்தது.

நோட்டைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாள். 'அப்பாடா, இனி மேலே ஏற வேண்டியதில்லை.'

"இதுவும் மணி பாக்கத் தெரியாம எழுதினதா?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். பத்து விதமாகச் சொல்லலாம், இப்போது தோன்றுகிறது. அது வேறு அர்த்தம், களைப்பு, கால் வலி, படிக்கட்டு. அப்போது ஒன்றுகூட வரவில்லை.

அவள் கோபப்படவில்லை. நோட்டை மூடி என் மடியில் வைத்தாள். "ஒர்நெல்லா இருக்கச் சொல்றா. தூக்கற வேலைக்கு வேற ஆள் போடறாளாம். நான் கூட இருந்து பாத்துக்கிட்டா போதுமாம்."

"நீ ஊருக்கு வரேன்னியே."

"சொன்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். "பாலாடைக்கட்டி நல்லா இருந்துது. அக்லாயாவுக்குப் பாதி குடு."

அவள் கேட்காத ஒன்றை நானே கேட்டுக்கொள்கிறேன். என் கடிகாரம் சரியாக ஒன்று ஐந்து என்று காட்டியிருந்தால், அந்த நாற்பத்தொரு கல்லையும் தாண்டி உடனே மேலே போயிருப்பேனா? போயிருப்பேன் என்றுதான் எழுத வந்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

12.30-க்குக் கிளம்பியது. ஒரு சீட். இறங்கும்போது, அங்கத்து மணிக்குத் திருப்பி வைத்திருந்த என் கடிகாரத்தில் 2.30, இங்கே சுவரில் 3.30. இரண்டு மணி நேரம். போகும்போதும் அதே இரண்டு மணி நேரம்தான்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். சாயந்திரம் ஏழு மணிக்குப் போன் வந்தது. பத்திரமாக வந்துவிட்டேனா என்று கேட்டாள். வந்துவிட்டேன் என்றேன்.

மார்ச் 26

ஆட்டைத் திரும்பக் கூட்டிவரக் கடைக்குப் போனேன். எல்லோரும் எனக்காகவே காத்திருந்தார்கள்.

"என்ன மாமா, வர்றப்ப மலை ஏறிச்சா? எஞ்சின் களைச்சுதா?" என்றான் பெத்ராகே.

"ரெண்டு பக்கமும் ரெண்டு மணி நேரம்தான்," என்றேன். "அவங்க கடிகாரம் நம்மளைவிட ஒரு மணி பின்னாடி. அவ்வளவுதான் விஷயம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமாவுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு," என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். பெத்ராகே ஊற்றித் தந்ததைக் குடித்தேன். மலைக் கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இந்தத் தடவை விமானி வெளியே எட்டிப் பார்த்து வழி கேட்டதையும் சேர்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் வந்தது.

ஏப்ரல் 28, ஈஸ்டர்

இலிங்கா சிவப்பு முட்டை நாலு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஈஸ்டர் வழக்கப்படி முட்டையோடு முட்டை மோதி உடைக்க எதிரில் ஆள் வேண்டுமே. கைக்கு ஒன்றாகப் பிடித்து மோதினேன். இடது கை ஜெயித்தது.

ஜூலை 11

ஒன்றும் இல்லை. வெயில்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஏழு மணி. கிழவர் எத்தோரே தூக்கத்திலேயே போய்விட்டாராம். அப்படியானால் வேலை முடிந்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். ஒர்நெல்லாவின் மாமியார் வீட்டில் ஆள் தேவைப்படுகிறதாம், திங்கட்கிழமையே இவள் அங்கே போகிறாளாம்.

"நல்ல வீடா?"

"ஜன்னல் பெரிசு," என்றாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

குளிர் வந்துவிட்டது. விறகு போதும்.

போனில் அவள் அலமாரியைத் திறக்கச் சொன்னாள். வலது பக்கம், கடைசியில், பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு. கல்யாணம் ஆன வருடம் தைத்தது. இங்கே குளிருக்கு அவளுக்கு அதைவிட்டால் வேறு கிடையாது, அதனால் ஒவ்வொரு தடவை போகும்போதும், திரும்பி வந்தால் வேண்டும் என்று இங்கேயே விட்டுவிட்டுப் போவாள்.

"இருக்கா?"

"இருக்கு."

"பூச்சி அரிக்கலையே?"

உறையைப் பிரித்துக் கைகளையும் காலரையும் பார்த்தேன். அரிக்கவில்லை.

"இலிங்காவுக்குக் குடுத்துடு," என்றாள்.

ராத்திரியே கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். தோளில் சரியாக உட்கார்ந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி.